இரண்டு பெயருள்ள ஊர்களின் மனிதர்: ஹான்ஸ் பீற்றர் ஹான்சன்

டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் வாழும் எம்மவர்களில் எல்லைக்குப் போகாதவர்கள் மிகக் குறைவு. சோடா, இனிப்பு, கோப்பி என்று மலிவாக வாங்கி வருவதற்காகச் சனி ஞாயிறுகளில் ஈ 45 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்குவோம். ஜேர்மனியில் ஒரு கலியாணவீடு, ஒரு கோயில் திருவிழா என்றாலும் அதே பாதைதான். கோல்டிங் தாண்டி, ஹாதர்ஸ்லெவ் தாண்டி, ஓபன்ரோ என்ற பெயர்ப்பலகை வரும்போது, இன்னும் எவ்வளவு தூரம் என்று பின்னால் இருக்கும் பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

அந்தப் பெயர்ப்பலகைகளை நாம் ஒருமுறை நின்று வாசிக்க வேண்டும். 1864 முதல் 1920 வரை, 56 ஆண்டுகள், அந்த ஊர்கள் டென்மார்க்கில் இருக்கவில்லை. அரச ஏடுகளில் ஓபன்ரோவின் பெயர் அப்பன்ராட. ஹாதர்ஸ்லெவ், ஹாதர்ஸ்லேபன் ஆனது. சொண்டர்போ, சொண்டர்பூர்க் ஆனது. ஊர்ச்சனம் வீட்டில் ஒரு பெயரையும் கச்சேரியில் இன்னொரு பெயரையும் சொல்லி வாழ்ந்தது. மணலாறு எப்படி வெலிஓயா ஆனது என்று அறிந்த எங்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. எல்லைக் கிராமம் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பெரியவர்களின் முகம் மாறும்.

அந்த 56 ஆண்டுகளில் தன் மக்களின் மொழியையும் பாட்டையும் கதையையும் காப்பாற்றப் பாடுபட்ட ஒருவரின் வாழ்க்கையை இங்கே சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் ஹான்ஸ் பீற்றர் ஹான்சன். தெற்கு யூட்லாந்தில் அவரை அறியாத பள்ளிக்கூடம் இல்லை. ஓபன்ரோவில் அவர் பெயரில் ஒரு தெருவும் உண்டு. ஆனால் எங்கள் வீடுகளில் அவரைப் பற்றிப் பேசியதாக நான் கேட்டதில்லை.

ஆலையடி வீட்டுப் பிள்ளை

ஹான்சன் 1862 பெப்ரவரி 21 இல் பிறந்தார். இடம், சொண்டர்போவுக்கு மேற்கே உள்ள சுண்டவெட் என்ற பகுதியில் நொர்ரமொல. வடக்கு ஆலை என்பது அந்தப் பெயரின் பொருள். விவசாயக் குடும்பம். பிற்காலத்தில் அவர் பெயரோடு இந்த ஊர்ப் பெயரையும் சேர்த்தே பலர் அழைத்தார்கள். எங்கள் ஊர்களில் ஆளைச் சொல்வதற்கு முன் ஊரைச் சொல்வதுபோல.

அவருக்கு இரண்டு வயதாக இருக்கும்போது போர் வீட்டு வாசலுக்கே வந்தது. டிப்போல் அரண்கள் அதே சுண்டவெட் பகுதியில்தான் இருந்தன. பல நாட்கள் பீரங்கிகளால் அடித்துவிட்டு, 1864 ஏப்ரல் 18 அன்று பிரஷ்யப் படை அவற்றைக் கைப்பற்றியது. அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் வியன்னாவில் செய்துகொண்ட சமாதானத்தில் டென்மார்க் சிலெஸ்விக், ஹொல்ஸ்டைன், லௌவன்பூர்க் ஆகிய மூன்றையும் விட்டுக்கொடுத்தது. ஹொல்ஸ்டைன் மக்கள் பெரும்பாலும் ஜேர்மன் பேசியவர்கள். சிலெஸ்விக்கின் வடபாதி அப்படியல்ல. அங்கே இருந்த ஏறத்தாழ இரண்டு இலட்சம் டெனிஷ் மக்கள், தங்கள் வயலை விட்டு ஓர் அடி நகராமலே வேறு நாட்டுக்காரர் ஆனார்கள்.

புதிய எல்லை கோல்டிங்குக்குச் சற்றுத் தெற்கே, கொங்கே ஆற்றை ஒட்டி வந்தது. உலகின் முதல் மக்கள் உயர்பள்ளி என்று சொல்லப்படும் ரொதிங் பள்ளி 1844 இல் தொடங்கப்பட்டிருந்தது. அது இப்போது எல்லைக்குத் தெற்கே மாட்டிக்கொண்டது. அதன் ஆசிரியர்கள் ஆற்றைக் கடந்து, எல்லைக்கு வடக்கே அஸ்கோவ் என்ற கிராமத்தில் 1865 இல் புதுப் பள்ளி தொடங்கினார்கள். இந்த அஸ்கோவ் இந்தக் கதையில் முக்கியமான இடம். பிள்ளைகள் மொழிக்காக எல்லை கடந்து போகக்கூடிய பள்ளிகள் அப்படித்தான் உருவாகின.

சனங்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. 1866 இல் பிரஷ்யாவும் ஒஸ்ரியாவும் பிராக் நகரில் செய்த உடன்படிக்கையின் ஐந்தாவது பிரிவு, வட சிலெஸ்விக் மக்கள் விரும்பினால் வாக்களித்து டென்மார்க்கோடு சேரலாம் என்று சொன்னது. சனம் அந்தப் பிரிவைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. 1878 இல் இரண்டு அரசுகளும் தங்களுக்குள் பேசி அதை இரத்துச் செய்துவிட்டன. யாருக்கு வாக்குக் கொடுத்தார்களோ அவர்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அப்போது ஹான்சனுக்கு 16 வயது. ஒப்பந்தங்கள் எழுதப்படுவதையும் கிழிக்கப்படுவதையும் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களிடமும் உண்டு. அந்த வயதுப் பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று நாம் ஊகிக்கலாம்.

போவதா, இருப்பதா

அவரது வயதுப் பையன்கள் பலர் புறப்பட்டார்கள். பிரஷ்யப் படையில் கட்டாயமாகச் சேர வேண்டும் என்பது பெரிய காரணம். சிலர் ஆற்றைக் கடந்து டென்மார்க்குக்குப் போனார்கள், பலர் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனார்கள். கிராமங்களில் இளைஞர் குறைந்து வயதானவர்கள் மட்டும் மிஞ்சத் தொடங்கினார்கள். இந்தக் காட்சி எங்களுக்குப் பழக்கமானது. போனவர்களைக் குறை சொல்ல எங்களில் யாருக்கும் உரிமை இல்லை.

ஹான்சன் திரும்பி வந்தார். வயலில் வேலை செய்தார், மக்கள் உயர்பள்ளியில் படித்தார், பின்னர் கொப்பன்ஹேகனிலும் ஜேர்மனியிலும் பல்கலைக்கழக விரிவுரைகளைக் கேட்டார். ஜேர்மன் மொழியையும் ஜேர்மன் சட்டத்தையும் அரசியலையும் நன்றாகக் கற்றுக்கொண்டார். பின்னாளில் அவருக்கு உதவிய பெரிய ஆயுதம் அதுதான். தன் மொழியைக் காக்க விரும்பியவர் ஆளுபவரின் மொழியில் தேர்ந்தவராக இருந்தார்.

ஊர் திரும்பியபோது டெனிஷ் மக்களிடையே ஒரு பழைய வழக்கு நடந்துகொண்டிருந்தது. பிரஷ்யச் சட்டமன்றத்துக்குத் தெரிவாகும் உறுப்பினர் பிரஷ்ய அரசமைப்புக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். முந்தைய தலைமுறைத் தலைவர்கள் அதைச் செய்ய மறுத்தார்கள். அதனால் தெரிவாகியும் ஆசனத்தில் இருக்க முடியாமல் போனது. சனம் அவர்களை மதித்தது, ஆனால் பள்ளிக்கூடங்கள் பற்றிய சட்டங்கள் வந்தபோது அந்த மன்றத்தில் எழுந்து பேச ஆள் இருக்கவில்லை. ஆறாம் சட்டத்திருத்தத்தின் கீழான சத்தியம் பற்றி எங்கள் தாயகத்தில் 1983 இல் எழுந்த கேள்வியை நினைத்துப் பார்த்தால் இந்த வழக்கின் கனம் விளங்கும்.

ஹான்சனின் பக்கம் இளையவர்கள் நின்றார்கள். சத்தியத்தைச் செய்துவிட்டு, சட்டம் தரும் ஒவ்வொரு உரிமையையும் கடைசி வரை பயன்படுத்துவது என்பது அவர்கள் வழி. இது பலருக்குக் கசந்தது. பெரியவர்கள் கட்டிக்காத்த மானத்தை இவர்கள் விற்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. 1888 இல் வாக்காளர் சங்கம் தொடங்கப்பட்டபோது ஹான்சன் அதன் செயலாளர் ஆனார். அதே ஆண்டில் கெலன இவர்சன் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். 1896 இல் அவரே பிரஷ்யச் சட்டமன்றத்துக்குத் தெரிவாகிப் போனார்.

பள்ளிக்கூடம் போனபின் மிஞ்சியது

1888 டிசம்பரில் ஒரு பள்ளி உத்தரவு வந்தது. அன்றிலிருந்து வட சிலெஸ்விக் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பாடங்களும் ஜேர்மன் மொழியில். சமய பாடத்துக்கு மட்டும் வாரத்தில் நான்கு மணித்தியாலம் டெனிஷ் மொழியை விட்டுவைத்தார்கள். ஹான்சன் சிறுவனாகப் படித்த காலத்தில் டெனிஷ் மொழிக்குப் பள்ளியில் இடம் இருந்தது. அவருக்குப் பிறகு வந்த பிள்ளைகள் தாயோடு பேசும் மொழியில் எழுதத் தெரியாதவர்களாக வளரும் நிலை உண்டானது.

அரசு பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டபின் ஒரு சமூகத்திடம் என்ன மிஞ்சும்? இதற்கு அந்த மக்கள் கண்ட பதில்தான் ஹான்சனின் வாழ்க்கையில் எங்களுக்கு மிகவும் வேண்டியது.

1880 இல் தொடங்கிய மொழிச் சங்கம் ஒன்று ஏற்கனவே இருந்தது. அது டெனிஷ் புத்தகங்களை வாங்கி ஊர் ஊராக அனுப்பியது. நூலகம் என்றால் பெரிய கட்டடம் இல்லை. ஒரு விவசாயி வீட்டின் மூலையில் ஓர் அலுமாரி. பக்கத்து வீட்டுக்காரர் வந்து எடுத்துப் போவார், வாசித்துவிட்டுத் திருப்பித் தருவார். அதே சங்கம் பாட்டுப் புத்தகமும் அச்சிட்டது. நீல அட்டை போட்ட அந்தப் புத்தகத்தின் புதிய பதிப்புகள் இன்றும் வருகின்றன. டெனிஷ் பள்ளிகளில் காலையில் எல்லோரும் சேர்ந்து பாடும் வழக்கத்தை எங்கள் பிள்ளைகள் அறிவார்கள். எல்லைக்குத் தெற்கே அது விளையாட்டான காரியமாக இருக்கவில்லை. சில பாட்டுகள் தடை செய்யப்பட்டன, பாடியதற்காகச் சனம் வழக்குகளைச் சந்தித்தது.

1892 இல் பள்ளிச் சங்கம் வந்தது. ஊர்ப் பள்ளி முடித்த இளம் பிள்ளைகளை எல்லைக்கு வடக்கே உள்ள தங்கிப் படிக்கும் பள்ளிகளுக்கும் மக்கள் உயர்பள்ளிகளுக்கும் அனுப்புவது அதன் வேலை. வசதி இல்லாத குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தது. ஒரு குளிர்காலம், சில மாதங்கள். அவ்வளவுதான். அதற்குள் பிள்ளை தன் மொழியில் எழுதவும் வரலாறு படிக்கவும் கற்றுக்கொண்டு திரும்பி வரும். முதலாம் உலகப் போருக்கு முன் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இப்படிப் போய் வந்தார்கள்.

கூட்டம் வைக்க இடம் கிடைப்பதும் பிரச்சினை ஆனது. மண்டபம் வாடகைக்குக் கொடுத்த விடுதிக்காரர்களைப் பொலிஸார் நெருக்கினார்கள். ஒருவர் கதவை மூடினால் மற்றவரும் மூடினார். ஆகவே சனம் காசு சேர்த்துத் தங்களுக்கென மண்டபங்கள் கட்டியது. 1890களில் தொடங்கி டசின் கணக்கான கிராம மண்டபங்கள் எழுந்தன. திறப்பு தங்கள் கையில் இருந்தால் நாடகமோ பாட்டோ கூட்டமோ யாரிடமும் கேட்கத் தேவையில்லை. இதில் பெரியது ஓபன்ரோவில் 1911 இல் திறக்கப்பட்ட போல்கயெம் என்ற மக்கள் இல்லம். அதன் பின்னால் நின்று உழைத்தவர்களில் முதன்மையானவர் ஹான்சன்.

பத்திரிகைகளும் இருந்தன. பிளென்ஸ்பேர்க்கில் ஒன்று, சொண்டர்போவில் ஒன்று, ஹாதர்ஸ்லெவில் ஒன்று. கடைசியில் சொன்ன பத்திரிகையின் பெயரே தாய்மொழி என்பதுதான். ஓபன்ரோவில் வந்த ஹைம்டால் ஹான்சனின் பத்திரிகை. அந்தக் காலத்தில் டெனிஷ் பத்திரிகை ஆசிரியர் என்றால் அபராதமும் சிறையும் தொழிலோடு சேர்ந்தே வரும்.

நடந்துகொண்டிருக்கும்போதே எழுதிவைத்தல்

ஹான்சன் செய்தவற்றில் குறைவாகப் பேசப்படும் ஒன்று உண்டு. 1889 இல், தனக்கு 27 வயதாக இருந்தபோது, குஸ்தாவ் யொகான்சன், பி. ஸ்கௌ என்ற இருவருடன் சேர்ந்து தெற்கு யூட்லாந்து ஆண்டு மலரைத் தொடங்கினார். இருவரும் அந்தக் காலத்தின் டெனிஷ் மக்கள் தலைவர்கள். அவர்களுடைய வேலைப்பளுவில் இப்படியொரு மலர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். பள்ளி உத்தரவு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எல்லாரும் கூட்டமும் மனுவுமாக ஓடிக்கொண்டிருந்த நேரம் அது.

அந்த நேரத்தில்தான் ஊர் வரலாறு, பழைய குடும்பங்களின் கதை, நாட்டார் வழக்கு, முன்னோர் நடத்திய போராட்டங்கள் என்பவற்றை எழுத ஓர் இடம் அமைத்தார்கள். தங்கள் கதையை மற்றவர்கள் எழுதிய புத்தகத்தில் பிள்ளைகள் படிக்கும் காலம் வந்துவிட்டது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அந்த ஆண்டு மலர் இன்றும் வெளிவருகிறது. முதலாளி மாறினார், எல்லை மாறியது, இரண்டு உலகப் போர்கள் வந்து போயின. மலர் மறைந்துவிடவில்லை.

யாழ்ப்பாண நூலகத்தில் 1981 இல் எரிந்தது ஏறத்தாழ 97,000 புத்தகங்களும் ஏடுகளும் என்று ஒவ்வொரு ஆண்டும் நினைவுகூருகிறோம். அவை எங்கள் முன்னோர் எழுதிவைத்தவை. எங்கள் பெற்றோர் எழுதிவைக்காதவை எத்தனை என்ற கணக்கு யாரிடமும் இல்லை.

நாடில்லாப் பிள்ளைகள்

1897 இல் கெல்லர் என்ற கடும்போக்கானவர் சிலெஸ்விக் ஹொல்ஸ்டைன் மாகாணத்தின் தலைமை அதிகாரியாக வந்தார். டெனிஷ் உணர்வுள்ள விவசாயியைத் தண்டிக்க அவர் கண்ட வழி, அந்த வீட்டில் வேலை செய்த டெனிஷ் குடியுரிமைக்காரரை நாடு கடத்துவது. வீட்டு வேலைக்கு நின்ற பெண், மாடு பார்த்த பையன் என்று நூற்றுக்கணக்கானோர் எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டார்கள். எசமானர் ஒரு கூட்டத்துக்குப் போனதற்கு வேலைக்காரிக்குத் தண்டனை. வடக்கே படிக்கப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரும் அதிகாரிகளின் மிரட்டலுக்கு ஆளானார்கள்.

ஹான்சன் இதை ஜேர்மன் மக்களிடமே கொண்டுபோனார். நடந்தவற்றை ஜேர்மன் மொழியில் எழுதினார், பேர்லினில் பேசினார், நியாயமானவர்களைத் தேடிப் போனார். அப்படிப்பட்டவர்கள் இருக்கவே செய்தார்கள். பேர்லின் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ஹான்ஸ் டெல்புரூக் இந்த நாடு கடத்தல்களைக் கண்டித்து எழுதினார், அதற்காக அபராதமும் கட்டினார். எதிர்ப்பக்கத்தில் ஒரு நல்ல மனிதர் இருந்தால் அவரை இழக்கக் கூடாது என்பது ஹான்சன் வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்த ஒழுங்கு.

இதைவிடப் பெரிய துயரம் இன்னொன்று. 1864க்குப் பிறகு டெனிஷ் குடியுரிமையைத் தெரிவு செய்து, பின்னர் சொந்த ஊரிலேயே வாழ்ந்த குடும்பங்கள் பல. அவர்களுக்கு எல்லைக்குத் தெற்கே பிறந்த பிள்ளைகளை டெனிஷ் சட்டமும் ஏற்கவில்லை, ஜேர்மன் சட்டமும் ஏற்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமல், எந்த நேரமும் வெளியேற்றப்படலாம் என்ற பயத்தில் வளர்ந்தார்கள். அகதி முகாமில் பிள்ளை பெற்றவர்களும், விசாவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களும் இதைப் படிக்கும்போது என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஹான்சன் 1906 இல் பேர்லினில் உள்ள ஜேர்மன் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். அந்தப் பெரிய சபையில் டெனிஷ் மக்களுக்கு இருந்த ஒரே ஆசனம் அது. 1907 ஜனவரி 11 இல் டென்மார்க்கும் ஜேர்மனியும் ஓர் உடன்படிக்கை செய்து, அந்தப் பிள்ளைகள் பிரஷ்யக் குடியுரிமை பெற வழி திறந்தன. அதற்குப் பின்னால் ஹான்சனின் உழைப்பு இருந்தது. நன்றி மட்டும் கிடைக்கவில்லை. இந்த உடன்படிக்கையால் டென்மார்க் 1864 எல்லையை ஏற்றுக்கொண்டதாகிவிட்டது என்று அவருடைய பக்கத்தவரே கோபித்தார்கள். ஒரு பிள்ளையின் கடதாசி காத்திருக்க முடியாது, எல்லைக் கேள்வி காத்திருக்கலாம் என்று அவர் முடிவெடுத்திருந்தார். சரியான முடிவு என்பதே என் எண்ணம்.

மற்றவர் சீருடையில்

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது டெனிஷ் மக்கள் தலைவர்களையும் பத்திரிகை ஆசிரியர்களையும் அரசு பிடித்து அடைத்தது. ஹான்சனும் கைதானார், நாடாளுமன்ற உறுப்பினர் என்பதால் விரைவில் விடுவிக்கப்பட்டார். போர் முடியும் வரை ஏறத்தாழ 30,000 வட சிலெஸ்விக் ஆண்கள் ஜேர்மன் சீருடையில் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். தங்களுடையது அல்லாத போர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பி வரவில்லை. தெற்கு யூட்லாந்தின் தேவாலய வளவுகளில் நிற்கும் நினைவுக்கற்களில் அந்தப் பெயர்களை இன்றும் வாசிக்கலாம்.

அந்த நான்கு ஆண்டுகளும் ஹான்சன் பேர்லினுக்கும் ஓபன்ரோவுக்கும் இடையே அலைந்தார். காணாமல் போன மகனைத் தேடித் தாய்மார் வந்தார்கள். அலுவலகம் அலுவலகமாகப் போய் அவர்களுக்காகக் கேட்டார். நேச நாடுகளிடம் பிடிபட்ட டெனிஷ் உணர்வுள்ள கைதிகளுக்கு இங்கிலாந்தின் பெல்தம்மிலும் பிரான்ஸின் ஓரியாக்கிலும் தனி முகாம்கள் அமைந்தன. அவர் பார்த்ததையும் கேட்டதையும் ஒவ்வொரு நாளும் குறித்து வைத்தார். போருக்குப் பின் அந்தக் குறிப்புகள் நூலாக வந்தன. ஒரு பேரரசு உள்ளிருந்து சரிவதைக் காட்டும் சாட்சியமாக அதை வரலாற்றாசிரியர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

எங்கே நிறுத்துவது

1918 ஒக்டோபர் 23 அன்று அவர் ஜேர்மன் நாடாளுமன்றத்தில் எழுந்து, 40 ஆண்டுகளுக்கு முன் இரத்தான அந்த ஐந்தாம் பிரிவின் வாக்குறுதியை நிறைவேற்றுமாறு கேட்டார். ஜேர்மனி தோற்றுக்கொண்டிருந்தது. நவம்பர் 14 இல், வட சிலெஸ்விக் மக்கள் வாக்களித்து முடிவு செய்யலாம் என்று ஜேர்மன் வெளிநாட்டமைச்சிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. நவம்பர் 17 அன்று ஓபன்ரோ மக்கள் இல்லத்தின் மேல்மாடத்தில் நின்று, கீழே திரண்டிருந்த சனங்களுக்கு அவர் அதை அறிவித்தார். 54 ஆண்டுக் காத்திருப்பு. அங்கே அழாதவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

ஆனால் எந்த இடம் வரை? இந்தக் கேள்வியில்தான் அவர் வாழ்க்கையின் கடினமான பகுதி வருகிறது. டென்மார்க்கில் பலர் பிளென்ஸ்பேர்க் நகரும் வேண்டும் என்றார்கள். பழைய டெனிஷ் நகரம், பெரிய துறைமுகம். வென்ற நாடுகள் ஜேர்மனியைச் சிறுக்க வைக்க விரும்பிய நேரம் அது. கேட்டால் கிடைக்கலாம் என்று தோன்றியது.

ஹான்சன் மறுத்தார். எச். வி. கிளவுசன் என்ற வரலாற்றாசிரியர் முன்னரே அந்தப் பகுதியில் ஊர் ஊராகத் திரிந்து, எந்த ஊரில் எந்த மொழி, எந்த ஊர் எந்தப் பக்கம் மனம் வைத்திருக்கிறது என்று ஆராய்ந்திருந்தார். அவர் கண்ட கோடு பிளென்ஸ்பேர்க்குக்கு வடக்கே போனது. பிளென்ஸ்பேர்க் சனம் பெரும்பான்மையாக ஜேர்மன் பக்கம் மனம் திரும்பிப் பல காலம் ஆகிவிட்டது என்பது ஹான்சனுக்குத் தெரியும். விருப்பமில்லாதவர்களைக் கட்டாயமாகச் சேர்த்தால், தன் மக்கள் 56 ஆண்டு பட்டதை இன்னொரு மக்கள் படுவார்கள். அவர் தலைமையில் ஓபன்ரோவில் எடுத்த தீர்மானம் அந்தக் கோட்டையே ஏற்றது.

அதற்காக அவரைத் துரோகி என்றார்கள். இந்தச் சொல்லின் பாரத்தை எங்கள் சமூகத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1919 இல் அவர் டெனிஷ் அரசில் தெற்கு யூட்லாந்து விவகார அமைச்சர் ஆனார். 1920 பெப்ரவரி 10 இல் வடக்கு வலயத்தில் வாக்கெடுப்பு. நூற்றுக்கு 75 பேர் டென்மார்க் என்றார்கள். மார்ச் 14 இல் பிளென்ஸ்பேர்க் அடங்கிய இரண்டாம் வலயத்தில் நூற்றுக்கு 80 பேர் ஜேர்மனி என்றார்கள். அவர் சொன்னது சரியாகிவிட்டது. அது அவருடைய எதிரிகளின் கோபத்தைத் தணிக்கவில்லை. மார்ச் கடைசியில் மன்னர் பத்தாம் கிறிஸ்தியான் அந்த அரசையே பதவி நீக்கினார். ஜூலை 10 அன்று மன்னர் வெள்ளைக் குதிரையில் பழைய எல்லையைக் கடந்து வந்த படத்தை எங்கள் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பார்கள். அந்த நாளுக்காக வாழ்நாளைக் கொடுத்த ஹான்சன் அப்போது அமைச்சராக இல்லை.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். முதல் வலயம் முழுவதுமாக ஒரே மனம் கொண்டதல்ல. ஹான்சனின் சொந்த நகரமான ஓபன்ரோவிலேயே பெரும்பான்மையோர் ஜேர்மனிக்கு வாக்களித்தார்கள். வீட்டில் அவரைப் போலவே தெற்கு யூட்லாந்து வட்டார மொழி பேசிய குடும்பங்களும் அவர்களில் இருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் இப்போது சிறுபான்மை. அந்தச் சிறுபான்மைக்கு டென்மார்க்கில் ஜேர்மன் பள்ளிக்கூடங்கள் கிடைத்தன. எல்லைக்குத் தெற்கே மிஞ்சிய டெனிஷ் மக்களும் தங்கள் பள்ளிகளைக் கட்டினார்கள். 1933க்குப் பிறகு ஹிட்லரின் ஆட்கள் எல்லையை மாற்றக் கூச்சலிட்டார்கள். ஹான்சன் 1936 மே 23 இல் கண்மூடினார். அவர் ஏற்ற கோடு அடுத்த போரையும் தாண்டி அப்படியே நின்றது. 1955 இல் பொன் நகரிலும் கொப்பன்ஹேகனிலும் வெளியான அறிவிப்புகள், ஒருவர் தன்னை எந்தச் சமூகத்தவர் என்று சொல்கிறாரோ அதை அதிகாரிகள் சோதிக்கக் கூடாது என்று உறுதி செய்தன. இன்றும் பிளென்ஸ்பேர்க்கில் டெனிஷ் பள்ளியும் நாளிதழும், ஓபன்ரோவில் ஜேர்மன் பள்ளியும் உண்டு.

எங்களுக்கு என்ன

ஒப்பீட்டை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. அவர்கள் தங்கள் மண்ணில் இருந்தார்கள், நாங்கள் கடல் கடந்து வந்தவர்கள். அவர்களுக்கு ஆற்றுக்கு வடக்கே ஒரு தாய்நாடு இருந்தது, பணமும் புத்தகமும் பள்ளியும் அங்கிருந்து வந்தன. எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை. டென்மார்க்கும் கெல்லரின் பிரஷ்யா அல்ல. குடும்பங்களை இணைக்க விடாமல் 1987 இல் தமிழ் அகதிகளின் விண்ணப்பங்களை நிறுத்திவைத்த விவகாரத்தில், 1993 இல் ஓர் அரசே பதவி விலகிய நாடு இது.

ஆனால் 2002 இல் எங்கள் பிள்ளைகளுக்கான தாய்மொழி வகுப்புகளை நடத்தும் கடமையிலிருந்து நகரசபைகள் விடுவிக்கப்பட்டபோது, எங்களிடம் மிஞ்சியது என்ன என்ற அதே கேள்வி எங்கள் முன்னும் வந்தது. சனிக்கிழமைப் பள்ளிக்கூடங்களை இழுத்துப் பிடித்தவர்கள் எங்கள் ஆசிரியர்களும் பெற்றோரும். ஹேர்னிங்கிலும் பிராண்டவிலும் கோயில்கள் எழுந்தன. இவை ஹான்சனின் அயலவர் கட்டிய மண்டபங்களின் இனம்தான்.

எங்களிடம் குறைவது அந்த ஆண்டு மலர். 1980களில் வந்தவர்கள் இப்போது பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். முதல் குளிர்காலம், முகாமில் பகிர்ந்து சமைத்த சோறு, ஊரில் விட்டுவந்த கிணறு, மாறிப்போன கிராமப் பெயர்கள், அம்மம்மா பாடிய தாலாட்டு எல்லாம் அவர்கள் வாயில் மட்டும் இருக்கின்றன. செத்தவீட்டில் கூடி நின்று, கேட்டு வைக்காமல் விட்டோமே என்று சொல்லிக்கொள்வதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன்.

ஹான்சன் வெற்றி வந்தபின் எழுதலாம் என்று காத்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் கைவிட்டுப் போன அடுத்த ஆண்டே எழுதத் தொடங்கினார். அடுத்த முறை எல்லைக்குச் சாமான் வாங்கப் போகும்போது ஓபன்ரோவில் ஒருமுறை இறங்குங்கள். அந்த மக்கள் இல்லம் இன்றும் நிற்கிறது. மேல்மாடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வீடு திரும்பியதும் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு அப்பாவின் பக்கத்தில் உட்காருங்கள். எந்த ஊர், எந்த ஒழுங்கை, வளவில் என்ன மரம் நின்றது என்று கேட்டுத் தொடங்கினால் போதும். மிச்சத்தை அவர் சொல்லுவார்.